வாசல் மட்டும் போன வீடு

இதைத் தட்டச்சு செய்யப் போகிறவர் யாராக இருந்தாலும் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ‘ர’ எங்கே வரும், எந்த ‘ல’ எங்கே வரும் என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். போதாததற்குச் சர்க்கரை கண்ணுக்கு வந்துவிட்டது. ஒரு வரி கோட்டுக்கு மேலே ஏறுகிறது, அடுத்த வரி கீழே இறங்குகிறது. படிக்க முடியாத இடத்தை எங்கள் கடை முதலாளி ஸ்டெல்லா மேடத்திடம் கேட்டுக்கொள்ளவும். என் எழுத்து அவருக்குப் பழக்கம்.

எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர்கள் சங்கத்தின் மலருக்கு எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று மேடம் போன வருடமே கேட்டார். எனக்குக் கூச்சம். நாலு பேர் முன்னால் பேசவே வராதவன் நான், எழுதி என்ன செய்யப் போகிறேன் என்று தள்ளிப் போட்டேன். போன வாரம் பர்வீன் போன் செய்தாள். சிதம்பரம் கடையில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண்.

“அண்ணே, ரெண்டு ஓ.எஸ். போட்டுட்டு மெஷின் கெளம்பலன்னு வந்தா நீங்க என்னாண்ணே பண்ணுவீங்க?”

“நீ என்னாம்மா பண்ற?”

“எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மேட் அடிச்சுட்டு புதுசா போட்டுக் குடுத்துடுறேன். தலவலி இல்ல.”

“கஸ்டமர்கிட்ட கேக்குறியா?”

“கேக்காம பண்ணுவனா? உள்ள என்னா இருக்குன்னு கேப்பேன். எல்லாரும் ஒண்ணுமில்ல, போட்டுடுங்கன்னுதான் சொல்றாங்க.”

அந்த ‘ஒண்ணுமில்ல’ என்கிற சொல்லுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் முதலில் வீட்டு ஒயரிங் வேலை பார்த்தவன். 2004-இல் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மேடம் கடை திறந்தபோது யு.பி.எஸ்.ஸுக்குத் தனி லைன் இழுத்துக் கொடுக்கப் போனேன். வேலை முடிந்த பிறகும் பேட்டரி தூக்க, கம்ப்யூட்டர் பெட்டியான கேபினட்டைக் கழற்ற, தூசி ஊத என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், “தினம் கூப்பிடுறதுக்கு நீங்க இங்கயே இருந்துடுங்க” என்றார். இருந்துவிட்டேன். கற்றுக்கொண்ட கதையை நீட்ட விரும்பவில்லை. முதல் வருடம் ஸ்க்ரூ டிரைவரும் துணியும்தான் என் கையில் இருந்தன. இரண்டாம் வருடம் கீபோர்டு வந்தது.

இங்கிலீஷ் எழுத்துகள் எனக்குத் தெரியும், வார்த்தை தெரியாது. ஆகவே திரையில் வருகிற வாசகங்களை நான் முகமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஐந்து பெரிய எழுத்தில் தொடங்கினால் விண்டோஸின் தொடக்கக் கோப்பு காணவில்லை. நான்கு பெரிய எழுத்தும் பக்கத்தில் மின்னுகிற கோடும் என்றால் லினக்ஸ் பாதி வழியில் நிற்கிறது. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அதிலும் கடைசிச் சொல் ‘ஃபவுண்ட்’ என்றால் இயந்திரத்துக்கு டிஸ்கே கண்ணில் படவில்லை, அல்லது பட்டும் உள்ளே ஆளில்லை. தெருவில் நடந்து வருகிறவரைத் தூரத்திலேயே யாரென்று சொல்வோமே, அப்படி.

மேடம் டிப்ளமா படித்தவர். என்னைவிட வயது குறைவு. கடையில் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கஸ்டமர் முன்னால் யாரையும் திட்ட மாட்டார். நான் தப்பான சாவியை அழுத்தப் போகிறேன் என்று தெரிந்தால், “கலியமூர்த்தி, டீ சொல்லிட்டு வாங்க” என்பார். கீபோர்டிலிருந்து கையை எடு என்று அதற்குப் பொருள். வந்தவருக்கு நாங்கள் உபசாரம் செய்வதாகத் தோன்றும். எனக்கு மட்டும் தெரியும். சில நாள் மூன்று முறை டீ சொல்லியிருக்கிறேன். டீக்கடைக்காரர், “உங்க கடைல வேல நடக்குதா, விருந்து நடக்குதா?” என்று கேட்பார்.

ஒரே கம்ப்யூட்டரில் விண்டோஸ், லினக்ஸ் என்று இரண்டு ஓ.எஸ். வைக்கிற விஷயத்தை மேடம் எனக்கு வாடகை வீடு வைத்து விளக்கினார். ஹார்டு டிஸ்க் ஒரு வீடு. அதில் இரண்டு குடித்தனம் வைக்கலாம், நடுவில் சுவர் வேண்டும், அப்படிப் பிரித்த பகுதிக்குப் பெயர் பார்ட்டிஷன். ஆனால் தெருவாசல் ஒன்றுதான். அந்த வாசல் டிஸ்கின் தலைமாட்டில், மிகச் சின்ன இடத்தில் இருக்கிறது. இரண்டாவதாகக் குடி வருகிறவர் அந்த வாசலின் பூட்டை மாற்றுவார். விண்டோஸில் பழசை முதலில் குடிவைத்துப் புதுசைப் பிறகு வைத்தால் புதுசு பழசுக்கும் ஒரு சாவி கொடுக்கும். மாற்றி வைத்தால் கொடுக்காது. பழசுக்குப் புதுசு ஒன்று இருப்பதே தெரியாது. லினக்ஸ் மரியாதைக்காரர். வாசலில் இரண்டு பேர் பெயரையும் பலகையாக எழுதி மாட்டிவிடுவார். ஆனால் வேண்டாம் என்று ஒருநாள் அவரைக் காலி செய்தால் பலகையும் கூடவே போய்விடும். பிறகு உள்ளே இருப்பவருக்கும் வழி தெரியாது.

“அப்படி ஆனா வீடு இடிஞ்சுபோச்சுன்னு தூக்கிட்டு வருவாங்க. வீடு அப்படியேதான் இருக்கும், வாசல்தான் போயிருக்கும். வாசல் போனதுக்கு வீட்ட இடிக்கறதுக்குப் பேருதான் ஃபார்மேட்டு” என்றார் மேடம்.

அதனால் எங்கள் கடையில் வழக்கம் இது. இயந்திரத்தை மேசையில் வைத்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். திரையில் வருவதைக் கடைசி எழுத்து வரை பார்க்க வேண்டும். பிறகு கேள்விகள். கடைசியாக என்ன செய்தீர்கள். வேறு யார் கை வைத்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வந்தால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு விதமாகத் திரும்பக் கேட்க வேண்டும். போட்டோ இருக்கிறதா, வீட்டில் வேறு யார் இதில் உட்காருவார்கள், இப்படி.

“நம்ம ஊர்ல ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம் கெடயாது” என்பார் மேடம். “காய்ச்சலா இருக்கறவனக் கேளுங்க, ஒண்ணுமில்லம்பான். வீட்ல சண்ட போட்டுட்டு வந்தவனக் கேளுங்க, ஒண்ணுமில்லம்பான். கம்ப்யூட்டருக்கு மட்டும் உண்மையச் சொல்லுவானா?”

எல்லாம் முடிந்து இயந்திரம் வெளியே போகும் முன் கடைசியாக ஒன்று. தேதி சரிபார்க்க வேண்டும். போர்டில் இருக்கிற சின்ன பேட்டரி தீர்ந்திருந்தால் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போய் நிற்கும். அப்படியே அனுப்பினால் வீட்டில் அன்றைக்கு எழுதுகிறதெல்லாம் பல வருடத்துக்கு முந்தியதாகப் பதிவாகும். “தேதி போடாம எதையும் வெளிய விடாதீங்க” என்பது மேடம் சட்டம்.

சிரிக்கவும் சில நாள் வாய்த்தது. காடாம்புலியூரிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி, கேபினட்டை நைந்த சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்து வந்தார். பழைய பிரின்டருக்காக 98-உம், மகளுக்காக எக்ஸ்.பி.யும் என்று இரண்டு விண்டோஸ் வைத்திருந்தார்.

“நாலு கடை ஏறி எறங்கிட்டேன். ரெண்டு பொண்டாட்டிக்காரன் வீடு மாரி ஆயிடுச்சு, ரெண்டும் கதவத் தொறக்க மாட்டேங்குது. ஒண்ணத் தொரத்தி உட்டுடுங்க, எதுவா இருந்தாலும் சரி” என்றார்.

மேடம் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு குனிந்து முன்பக்கத்துப் பொத்தானை அழுத்தினார். ஃபிளாப்பி ஒன்று வெளியே வந்தது. இயந்திரம் முதலில் ஃபிளாப்பியைத் தேடிப் போய் அங்கேயே நின்றிருக்கிறது. அதை எடுத்ததும் இரண்டு விண்டோஸும் பெயர்ப் பலகையோடு வந்து நின்றன. வியாபாரி சாக்கை மடித்தபடியே, “இத வெளிய சொல்லாதீங்க. அந்த ஃபிளாப்பியப் போட்டதே நாந்தான்” என்றார். இத்தனை வருடம் சொல்லவில்லை. ஊரை மட்டும்தான் இப்போது சொல்லியிருக்கிறேன், அது பெரிய ஊர்.

இனி சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2008. மேடம் சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில் சின்னதாக ஒரு கிளை போட்டு என்னை அங்கே உட்கார வைத்திருந்தார். வாரத்தில் இரண்டு நாள் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். மற்ற நாளில் போனில் கேட்டுக்கொள்வேன்.

ஒரு காலை வேளையில் ரமேஷ் என்பவர் பைக்கில் கேபினட்டைக் கொண்டு வந்தார். பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய மாமனார். கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பெயர் தனபால். கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தார். தொண்டையில் புற்று வந்து, ஆபரேஷன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டதாக ரமேஷ் சொன்னார். மூச்சு மட்டும் துணிக்குப் பின்னால் கேட்டது. பேச்சு கிடையாது.

மேசையில் வைத்து மின்சாரம் கொடுத்தேன். கறுப்புத் திரை. ஒரே வரி. கடைசிச் சொல் ‘ஃபவுண்ட்’.

“கடைசியா என்னா பண்ணீங்க சார்?”

“வேலைக்காக லினக்ஸ் படிக்கிறேன். விண்டோஸ் பக்கத்துலயே போட்டேன். லினக்ஸ் வந்துடுச்சு, விண்டோஸ் வரல. ஃபிரெண்ட் ஒருத்தன் வந்து எல்லாத்தையும் தூக்கிட்டு மொதல்லேருந்து போடலாம்னான். இருந்த பார்ட்டிஷன் எல்லாத்தையும் டெலீட் பண்ணிட்டு ஃபார்மேட் ஆரம்பிச்சோம், அதுக்குள்ள கரண்ட் போயிடுச்சு. அதுலேருந்து இப்புடித்தான்.”

“உள்ள என்னா இருக்கு சார்?”

“ஒண்ணுமில்ல சார். சினிமாப் பாட்டுதான். நீங்க ஃபார்மேட் போட்டுடுங்க.”

“வீட்ல வேற யாராச்சும் இதுல உக்காருவாங்களா?”

“அவ உக்காந்து பாட்டுக் கேப்பா. மாமா சும்மா சீட்டு வெளையாடுவாரு, அவ்ளோதான். இல்ல மாமா?”

மாமா தலையாட்டினார். ஆமாம் என்றா இல்லை என்றா என்று எனக்குத் தெரியவில்லை. ரமேஷுக்கு போன் வந்தது. சந்துக்குள் சரியாகக் கேட்கவில்லை என்று வீதிப் பக்கம் பேசிக்கொண்டே போனார்.

நான் தூசி ஊதுகிற பிளோயரைக் கையில் எடுத்தேன். கேபினட்டின் பக்கவாட்டுத் தகட்டில் மாவு மாதிரி தூசி படிந்திருந்தது. தனபால் என் கையைப் பிடித்தார். வேகமாகப் பிடித்தார். பிறகு தகட்டின் தூசியில் விரலால் எழுதினார். பெரிய பெரிய எழுத்து.

என் பேச்சு இருக்கு.

நான் படித்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கீழே இன்னும் ஒரு வரி எழுதினார்.

மாப்ளைக்குத் தெரியாது.

வீதிப் பக்கம் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டால் தகடு முழுவதையும் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் ஏன் வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக் காட்டவில்லை என்று இதைப் படிக்கிற சிலர் கேட்கலாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையைக் குற்றம் சொல்கிற மாமனாரைப் பார்ப்பது கஷ்டம். சாப்பாட்டில் உப்பு இல்லை என்றாலும் மாப்பிள்ளை இருக்கும்போது சொல்ல மாட்டார்கள். அதிலும் மகள் வீட்டிலேயே தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்கிறவர். உங்கள் கையால் என் பேச்சு போய்விட்டது என்று அவர் எப்படி எழுதுவார். கடையில் சரியாகிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாம் என்று கூடவே வந்திருக்கிறார். ஃபார்மேட் என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ரமேஷ் திரும்பி வந்தார். “போட்டுட்டீங்களா சார்? சாயந்தரம் வந்து எடுத்துக்கவா?”

செய்ய மாட்டேன் என்று சொல்ல வேண்டும், ஏன் என்று சொல்லக் கூடாது. அப்படிப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. மேடத்துக்கு போன் போட்டேன். அவர்கள் இருவரும் பக்கத்தில் இருக்க, திரையில் இருந்ததை மட்டும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பார்ட்டிஷன் டெலீட் ஆகிவிட்டது, ஃபார்மேட் பாதியில் நின்றிருக்கிறது என்றேன்.

“உள்ள என்னா இருக்காம்?” என்றார்.

“ஒண்ணுமில்லங்கறாரு மேடம்.”

நான் அதைச் சொன்ன விதத்தில் என்ன இருந்ததோ, மேடத்துக்குப் புரிந்துவிட்டது. “கலியமூர்த்தி, டீ சொல்லுங்க” என்றார். “நாளைக்கு நான் வர்றேன். போர்டும் செக் பண்ணணும், நாளாகும்னு சொல்லிடுங்க.”

அன்றைக்கு மூன்று டீ சொன்னேன். தனபாலுக்கு மட்டும் ஆற வைத்து ஊற்றினேன். அவரால் மெதுவாகத்தான் விழுங்க முடிந்தது.

மறுநாள் மேடம் வந்ததும் தகட்டில் எழுதியதைச் சொன்னேன். பையைக் கீழே வைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார். அந்த வேலையை நான் வரிசையாக எழுத வேண்டும். இப்போது இருக்கிறவர்களுக்கு அதுதான் தேவை.

முதலில் டிஸ்கைக் கழற்றினார். அதை வைத்து இயந்திரத்தைக் கிளப்பவே இல்லை. கிளப்பினால் எதையாவது எழுதிவிடும். அதைவிடப் பெரிய டிஸ்க் ஒன்றைப் பக்கத்தில் மாட்டி, சி.டி.யிலிருந்து ஓடுகிற லினக்ஸை வைத்து, பழைய டிஸ்கில் இருப்பதை முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை அப்படியே நகல் எடுத்தார். எந்த லினக்ஸால் வாசல் போயிற்றோ அதே லினக்ஸ்தான் நகலெடுக்கவும் உதவியது. எந்த டிஸ்கிலிருந்து எந்த டிஸ்குக்கு என்பதை என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். இரண்டும் மாறிப்போனால் காலியான டிஸ்க் நிறைந்த டிஸ்கின் மேல் ஏறிவிடும். நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். அதற்கப்புறம்தான் அழுத்தினார்.

அப்போது கரண்ட் சொல்லாமல் போகிற காலம். யு.பி.எஸ்.ஸுக்குக் கூடுதலாக இரண்டு பேட்டரி கோத்தேன். அது என் பழைய தொழில், அதில் எனக்கு நடுக்கம் இல்லை. சாயந்தரம் வரை நகல் ஓடியது. முடிந்ததும் அசல் டிஸ்கைத் துணியில் சுற்றி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். “இனிமே நாம கெடுத்தாலும் நகலத்தான் கெடுப்போம்” என்றார்.

பிறகு நகலில், அழிந்த சுவர்களைத் தேடுகிற நிரலை ஓட விட்டார். பார்ட்டிஷனை டெலீட் செய்தால் சுவர் இருக்கும் இடத்தைக் குறித்த குறிப்புதான் போகிறது. உள்ளே இருக்கிற சாமான் அங்கேயே இருக்கும். சாமான் எங்கே தொடங்குகிறது என்று பார்த்து அந்த நிரல் சுவரைக் கண்டுபிடித்துச் சொல்லும். இந்த டிஸ்கில் ஒரே வீட்டுக்கு இரண்டு அளவு காட்டியது. ஒன்று லினக்ஸ் வருவதற்கு முன் இருந்த பெரிய வீடு. இன்னொன்று லினக்ஸுக்கு இடம் விட்டுச் சுருங்கிய சின்ன வீடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன.

மேடம் வெகுநேரம் பார்த்தார். கை பின்னால்தான் இருந்தது.

“பெருசுல ஜாஸ்தி இருக்குமே மேடம்” என்றேன்.

“பெருசு நேத்து. சின்னதுதான் கடைசியா இருந்த நெலம. சுருக்கும்போது சாமான எல்லாம் இந்தப் பக்கம் நகத்திதான் வச்சிருக்கும்.”

சின்னதைத் தேர்ந்தெடுத்து, எழுதும் முன் உள்ளே எட்டிப் பார்க்கிற சாவியை அழுத்தினார். பெயர்கள் வரிசையாக இறங்கின. நான் மூச்சு விட்டேன். மேடம் விடவில்லை. சில பெயர்கள் சிவப்பாக இருந்தன. “சிலது போயிருக்கும்” என்றார்.

அந்தச் சுவரை எழுதினார். விண்டோஸ் சி.டி.யைப் போட்டு, பழுது பார்க்கிற கறுப்புத் திரைக்குப் போய், முதலில் டிஸ்கின் வாசலை, அப்புறம் வீட்டின் வாசலைப் புதுப்பிக்கிற இரண்டு கட்டளைகளைக் கொடுத்தார். சி.டி.யை எடுத்துவிட்டுக் கிளப்பினோம். பச்சைப் புல்வெளியும் நீல வானமும் வந்தன. பாதி உலகத்துக்கே பழகிப்போன விண்டோஸ் படம்தான். அன்றைக்கு நான் நின்று பார்த்தேன்.

கஸ்டமர் கோப்பை நாங்கள் திறப்பதில்லை. அடுத்தவர் அலமாரி என்பார் மேடம். சொந்தக்காரர்தான் திறந்து பார்க்க வேண்டும். ஆனால் எங்களிடம் இருந்தது ரமேஷ் நம்பர். தனபாலுக்கு போன் செய்து என்ன பயன். அந்தக் கவலை தேவைப்படவில்லை. இயந்திரம் வந்த நாள் முதல் அவர் தினமும் தானாகவே நடந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். எதுவும் கேட்க மாட்டார். கேட்கவும் முடியாது.

அடுத்த நாள் தனபால் வந்ததும் மேடம் தன் நாற்காலியிலிருந்து எழுந்து அவரை உட்கார வைத்தார். ஹெட்போனை அவர் தலையில் மாட்டிவிட்டார். நாங்கள் இருவரும் வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டோம். ஆனாலும் கண்ணாடிக் கதவில் அவர் முகம் தெரிந்தது. ஒவ்வொன்றாகக் கேட்டார். உதடு மட்டும் அசைந்தது. விண்டோஸோடு வருகிற குரல் பதிவுக் கருவி ஒரு நிமிடத்துக்கு மேல் பதியாது. ஆகவே எல்லாம் ஒரு நிமிடத் துண்டுகள், அல்லது அதையும்விடச் சின்னவை. சில திறக்கவில்லை. ஒன்றை மட்டும் தேடி மேலும் கீழும் போய்ப் பார்த்தார். அது வரவில்லை. எது என்று நாங்கள் கேட்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மேசையில் இருந்த தாளில் ‘போதும்’ என்று எழுதினார்.

அவரே ரமேஷை வரச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினார். இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பார். நான் போன் செய்தேன். ரமேஷ் வந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது, தனபால் ஹெட்போன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஒரு கோப்பைத் தட்டினார். மேசையில் இருந்த ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்டுப் பழகிய, கொஞ்சம் கரகரத்த குரல்.

“வாங்க மாப்ள. உக்காருங்க. சாப்டீங்களா?”

“சாப்டேன் மாமா” என்றார் ரமேஷ்.

சொன்ன பிறகுதான் நின்றார். யார் கேட்டது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மாமாவைப் பார்த்தார், ஸ்பீக்கரைப் பார்த்தார். தனபால் இன்னொன்றைத் தட்டினார். “ஏம்மா, கொஞ்சம் சுடுதண்ணி குடு.” இன்னொன்று. “கதவு தொறந்து கெடக்குது பாரு, நாய் வந்துரும்.” இன்னொன்று. “எனக்கு ஒண்ணுமில்ல, நீ போய்ப் படு.”

ஆபரேஷனுக்கு முந்தின சில நாட்களில், மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போன பகல் நேரத்தில், இனிமேல் வீட்டில் தான் என்னென்ன பேச வேண்டி வரும் என்று யோசித்து யோசித்து அவர் அதைப் பேசி வைத்திருக்கிறார். பாட்டு இல்லை, புத்திமதி இல்லை. ஒரு வீட்டில் ஒருவர் தினமும் பேசுகிற பேச்சு. உடம்பு தேறி, தானாக உட்கார்ந்து தட்ட முடிகிறபோது காட்டலாம் என்று இருந்திருக்கிறார். அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

“இத ஃபார்மேட் பண்ணச் சொன்னனே மாமா” என்றார் ரமேஷ். “நீங்க பக்கத்துலதான இருந்தீங்க.”

தனபால் பதிலுக்கு எதையும் தட்டவில்லை. அதற்கான வாக்கியத்தை அவர் பதிந்து வைக்கவில்லை. மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் டீ சொல்லப் போனேன்.

போர்டு பேட்டரியை மாற்றி, தேதியைச் சரிசெய்து, இயந்திரத்தை அனுப்பினோம். பிறகு ஒரு தடவை ஸ்பீக்கர் மாற்ற ரமேஷ் வந்தார். “வீட்ல எந்நேரமும் நாய் வந்துரும், நாய் வந்துரும்னு ஒரே சத்தம் சார். எங்க தெருவுல நாயே கெடயாது” என்று சிரித்தார்.

2010-இல் தனபால் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வருடம் ரமேஷ் அதே கேபினட்டோடு வந்தார். விண்டோஸ் பழசாகிவிட்டது, ஓட மாட்டேன் என்கிறது, புதுசு போட வேண்டும் என்றார். அப்போதே என் கண் மங்கத் தொடங்கியிருந்தது. திரையை மூக்கில் இடிக்கிற தூரத்தில் வைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். பார்க்காமலே கேட்க முடிகிற கேள்வியைக் கேட்டேன்.

“உள்ள என்னா இருக்கு சார்?”

“எங்க மாமா இருக்காரு” என்றார்.

நான் எழுந்து போய் நகல் எடுக்க ஒரு டிஸ்க் எடுத்து வந்தேன்.

அதுதான் நான் கையால் செய்த கடைசிப் பெரிய வேலை. இந்த வருடத் தொடக்கத்தில் எழுத்தெல்லாம் இரட்டையாகத் தெரிய ஆரம்பித்தது. முகம் பார்த்து வாசகத்தை அறிகிறவனுக்கு முகமே தெரியாவிட்டால் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது. மேடத்திடம் சொன்னேன். அவர் மறுத்துப் பேசவில்லை, டீ சொல்லவும் சொல்லவில்லை. அவரே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

பர்வீனுக்கு நான் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். ஒண்ணுமில்ல என்று சொன்னால் இன்னொரு முறை கேள் அம்மா. பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவரையும் கேள்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்க்கச் சொல்லி மேடத்திடம் கொடுக்கப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி. தேதி போடாமல் எதையும் வெளியே விடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை, 18 நவம்பர் 2012.